காலஞ்சென்ற சர்க்கார் பென்சில்

சர்க்கார் பென்சில் சாவதற்கும் ஒரு முறை உண்டு. அரை அங்குலமாகத் தேய்ந்த துண்டைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்தால்தான் மேற்படி துண்டுக்குப் பதிலாகப் புதுசு வழங்கப்படும். முப்பத்தாறாம் வருஷம் சர்வேயர் சின்னச்சாமியின் பென்சில் இந்த முறையை மதிக்கவில்லை. திருவாதவூரில் சோணையின் வயலை அளக்கும்போது அவர் காதிலிருந்து நழுவி, வரப்பு வெடிப்புக்குள் போய்விட்டது.

பக்கத்து வயல்காரன் மொக்கையன், சோணையின் வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் தன் எல்லைக்குள் ஓடுகிறதென்று மண்ணைப் போட்டு அடைத்திருந்தான். எல்லைப் படம் முடிந்தால்தான் அடைப்பை எடுக்க உத்தரவு. படமோ பாதியில் நின்றது.

மறுநாள் காலையில் சோணை ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான். "நெல்லு தொண்டைக்கதிரா நிக்கிதுங்கய்யா, தண்ணி பாயாட்டி எட்டு நாளைக்கு மேல தாங்காது. இந்தாங்க, சிம்மக்கல்லுக் கடையில ஒரு பென்சிலு வாங்கியாந்திருக்கேன்."

சின்னச்சாமி இரண்டடி பின்வாங்கினார். "சொந்தப் பென்சில்ல போட்ட கோடு கோடே இல்லப்பா. நாளைக்கு மொக்கையன் அப்பீலுக்குப் போவான்."

நேரே தாசில்தாரிடம் போனார். அப்போது மதுரையில் இரங்கற்பா மோகம் தலைக்கேறியிருந்தது. யாராவது கண்ணை மூடினால் பதினாறாம் நாளுக்குள் பத்துப் பேர் பாட்டும் கையுமாக வந்து நிற்பார்கள். தாசில்தார் அந்தப் பத்தில் முதல் ஆள்.

"துண்டு எங்கே?"

"வரப்பில் விழுந்து காலமாகிவிட்டது, சார்."

"காலமான மனுஷனுக்குப் பாட்டு உண்டு. சர்க்காருக்கு உழைத்த பென்சில் மட்டும் அநாதையா? அதன் ஜீவிய சரித்திரத்தைச் செய்யுளாக்கி விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பும்."

சின்னச்சாமிக்கு அளவுச் சங்கிலி பிடித்துத்தான் பழக்கம். ஐந்து நாள் நகத்தைக் கடித்து, மையில் எழுதினார்:

மரத்தில் பிறந்தேன்; மதுரைநகர் வந்தேன்;
கரத்தில் தவழ்ந்தேன்; காதோரம் குடியிருந்தேன்;
அரசுக்கு உழைத்தே அரையங் குலமானேன்;
வரப்பில் விழுந்தேன், வருந்தாதீர், ஐயாவே.

தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரங்கேற்றம் ஆகாமல் பென்சில் கொடுப்பது முறையல்ல என்று குறிப்பெழுதினார். கடைசி நேரத்தில் உடனிருந்தவர்கள் என்ற முறையில் சோணைக்கும் மொக்கையனுக்கும் சம்மன் போயிற்று. ஆபீஸ் நிறையச் சனம் கூடியிருக்க, சின்னச்சாமி பாட்டைப் படித்தார். மூன்றாம் அடியில் மொக்கையன் விம்மினான். நாலாம் அடியில் சோணையே தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பதினேழாம் நாள் புதுப் பென்சில் கைக்கு வந்தது. சின்னச்சாமி அடித்துப் பிடித்து ஓடினார். வயல் வைக்கோலாகியிருந்தது. சோணையின் முகத்தில் எப்படி விழிப்பதென்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சோணை கோபப்படவில்லை.

"படம் கெடக்கட்டுங்கய்யா. என் நெல்லுக்கும் ஒரு பாட்டுக் கட்டுங்க. பென்சிலுக்கு அம்புட்டுச் சனம் அழுதுச்சே, இதுக்கு நாலு பேரு அழ மாட்டாகளா?"

சின்னச்சாமி வரப்பில் உட்கார்ந்து புதுப் பென்சிலைச் சீவினார். முதல் அடி வந்தது, இரண்டாவது வரவில்லை. மொக்கையன்தான் இளநீர் வெட்டிக் கொடுத்துப் பக்கத்தில் குந்தினான்.

"தண்ணியில்லாம வாடினேன்னு போடுங்கய்யா, கேக்க உருக்கமா இருக்கும்," என்றான்.

சோணைக்கும் அது பிடித்திருந்தது.