மூன்று முழக்கமும் ஒரு விரலும்

உலகத்தில் ‘இதோ வருது’ மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. வெளியே பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பார்கள். பஸ்ஸில் போவார்கள், பூசை காண்பார்கள், உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுவார்கள். ஓர் இசைத்தட்டைக் கேட்க உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தால்தான் இனம் தெரியும். கேட்கக் கூப்பிடுவார்களே தவிர, கேட்க விடமாட்டார்கள். பாட்டு ஆரம்பித்ததிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு, "இதோ வருது... இல்ல, இன்னும் இல்ல... பொறுங்க... இதோ!" என்பார்கள். வந்ததா? இவர்கள் போட்ட சத்தத்தில் வந்தது எது, போனது எது என்று யாருக்குத் தெரியும்?

நம் சிகாகோவில் இந்த இனம் பெருகியது இந்த மூன்று நான்கு வருஷமாகத்தான். ஜாஸையும் ராக்கையும் ஒன்றாகக் கலந்து, கிடாருக்குப் பக்கத்தில் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்சபோன் என்று ஒரு வரிசையே நின்று ஊதுகிற தட்டுகள் வர ஆரம்பித்தன அல்லவா, அப்போது பிடித்தது. எங்கள் போலந்துக்காரர் கோயில் பங்கில் கல்யாணத்துக்குக் கல்யாணம் போல்கா நடனப் பாட்டு ஊதிய ஆண்பிள்ளைகள் எல்லாரும், "பாத்தீங்களா, நம்ம வாத்தியத்துக்கு வந்த மரியாதையை!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். அதில் முதல் நெஞ்சு காசிமிர் வோய்தாஸுடையது.

காசிமிர் பஸ் டிப்போவில் மெக்கானிக். தங்கமான மனுஷர். ஒரு காலத்தில் நல்ல ட்ராம்போன்காரர். முன்பல் இரண்டு போனதும் வாத்தியத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். பிறகு வாங்கியதுதான் அட்டையில் இரும்புப் பாலம் படம் போட்ட அந்த இசைத்தட்டு. அவர் வீட்டுக்கு நீங்கள் எதற்காகப் போனாலும் சரி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று சொல்லப் போனாலும் சரி, இரவல் ஏணி கேட்கப் போனாலும் சரி, முதலில் உங்கள் கோட்டை வாங்கி மாட்டி, "அங்க வேணாம், அங்க உக்காந்தா ட்ராம்போன் மங்கலா கேக்கும்" என்று நாற்காலி மாற்றி, கையைக் கழுவித் துடைத்து, சாமியார் திருப்பாத்திரத்தைத் தொடுவதுபோல (ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்) இரண்டு கையாலும் தட்டை வெளியே எடுத்து, ஊதி, இன்னொரு தரம் ஊதி, ஊசியை இறக்குவார். ஏணியை நீங்கள் மறந்துவிட வேண்டியதுதான்.

இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம். எல்லா வாத்தியமும் சேர்ந்து ‘பா-பா-பாம்’ என்று ஒரு முழக்கம். ஒரு தடவை அல்ல. மூன்று தடவை! மூன்றாவதில் காசிமிர் வலது காலை ஓங்கித் தரையில் மிதிப்பார். அலமாரியில் மாதா சொரூபம் ஒரு குதி குதிக்கும். பாட்டு மேலே போகும்.

"ரெண்டு தடவை எவன் வேணாலும் ஊதுவான். மூணு ஊதத்தான் தைரியம் வேணும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி! அதுதான் கணக்கு!"

"ரேடியோல ஒரு தடவைதானே வந்துது?" என்று யாராவது கேட்டால்?

"அவன் விளம்பரத்துக்கு நேரம் பத்தலன்னு வெட்டிட்டான்!"

அவர் மனைவி ஹாலினா மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் எச்சில் தட்டு அலம்பப் போய்விடுவாள். ஏன் என்பதைக் கோயில் சமையலறையில் மாவு மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தவக்காலத்தில் வாங்கிய தட்டு அது. தவக்காலத்தில் பாட்டுப் போடக்கூடாதே! ஈஸ்டர் பாஸ்காவன்று ஊசியை இறக்குவதுதான் பாக்கி என்று காசிமிர் இசைப்பெட்டியின்மேல் தயாராக வைத்துவிட்டுப் போய்விட்டார். ஹாலினா கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டே தூசி தட்டினாள். சிலுவை தொங்கித் தட்டின் குறுக்கே ‘சர்ர்’ என்று ஒரு கோடு போட்டது.

"பாஸ்காவுக்குப் போட்டாரு. ஊசி கோட்டுல மாட்டித் திரும்பத் திரும்ப அதையே ஊதுச்சு. எனக்கு உசுரே போச்சு. இவரு என்னடான்னா மூணாவதுல துள்ளி எந்திரிச்சு ஒரு மிதி மிதிச்சாரு. அந்த அதிர்ச்சில ஊசி தாண்டிருச்சு. சந்தோஷத்துல அழுதாரு. அழுறவர்கிட்ட என்னன்னு சொல்றது? ஒருநாள் அவரு வேலைக்குப் போனப்ப போட்டுப் பாத்தேன். பதினேழு தடவை ஊதுச்சு, நானே போயி மிதிக்கிற வரைக்கும்."

"பங்குச் சாமியார்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"அவரே எங்க வீட்டுல மூணு விரலைத் தூக்கி ஆட்டிட்டுப் போனவரு! பல்லு போச்சு, வாத்தியம் போச்சு. அந்த மூணு முழக்கந்தான் அந்த மனுஷனுக்கு மிச்சம். அதையும் நான் புடுங்கணுமா?"

மார்ச் நாலு, புனித காசிமிர் திருநாள். அந்தப் பெயர் கொண்டவர் வீட்டுக்கு அன்று யாரும் அழைப்பில்லாமல் போகலாம். இந்த வருஷம் அது தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறாக வந்ததால் பாட்டுக்கும் பலகாரத்துக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. வீடு நிறைய ஆட்கள். ஹாலினா ஜாம் வைத்த டோனட்டுகளைத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு வந்தாள். அப்போது அவள் தம்பி செனெக் சதுரமான, தட்டையான ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

"அத்தான், போட்டுப் போட்டு உங்க தட்டு தேஞ்சே போயிருக்கும். அதே தட்டு, புத்தம் புதுசு!"

தாம்பாளம் சரிந்தது. இரண்டு டோனட் உருண்டன.

புதுத்தட்டு சுழன்றது. காசிமிர் விரலைத் தூக்கினார். "பொறுங்க... இதோ வருது... இதோ!"

பா-பா-பாம். பாட்டு மேலே போய்விட்டது.

தூக்கிய விரல் தூக்கியபடி. தூக்கிய காலும் தூக்கியபடி. ஊசியைப் பின்னால் வைத்துப் பார்த்தார். ஒரு முழக்கம்தான். மறுபடியும் வைத்தார். மறுபடியும் ஒன்றுதான். கடைசியில் நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார்:

"மச்சான், கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான். இது பழுது. திருப்பிக் குடுத்துரு."

"பழுதா? சீல் ஒடைக்காத சரக்கு அத்தான்!"

"உனக்கு என்னடா தெரியும்? ட்ராம்போனுக்கும் தகர டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாதவன்!"

செனெக் சிவந்துபோய்த் தொப்பியை எடுத்தான். "பல்லோட காதும் சேந்து போயிருச்சு போல. இனி இந்த வீட்டு வாசப்படி மிதிச்சா கேளுங்க!"

ஹாலினா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஜெபமாலை, சிலுவை, கோடு, ஒன்று விடாமல். கடைசியில், "மன்னிச்சிருங்க" என்றாள்.

காசிமிர் பழைய தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கோடு தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். ட்ராம்போனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய அன்றைக்கு இருந்த முகம் அது.

"அப்ப மூணு தடவைக்கு மேல ஏன் ஊதல?" மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்க மிதிச்சீங்கல்ல? அதுலதான் ஊசி தாண்டுச்சு."

"நான் மிதிக்கலன்னா?"

"விடியவிடிய அதையே ஊதிட்டு அங்கயேதான் நிப்பாங்க."

அந்த முகத்தில் வெளிச்சம் ஏறியதைப் பார்க்க வேண்டுமே! எழுந்தார். ஓடிப்போய் ஹாலினாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நானும் இதுல வாசிச்சிருக்கேன்! அத்தனை பெரிய ஆளுங்க, நான் இல்லாம அந்த எடத்தைத் தாண்ட முடியல! டேய் மச்சான், தொப்பியை வை. உக்காரு. அங்க இல்ல, இங்க. அங்க உக்காந்தா காலு கேக்காது!"

திருந்துவார் என்று நினைத்தீர்களா? இப்போது விரலோடு காலையும் காட்டுகிறார். புதுத்தட்டையும் போடுகிறார், ‘நான் இல்லாமல் எப்படி இருக்கிறது பாருங்கள்’ என்று காட்டுவதற்காக. ஹாலினா மட்டும் இப்போது தட்டு அலம்பப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் மிதிக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களுக்கும் ஒரு பாட்டு இருக்கும், இல்லையென்றால் பட்டாளத்துக் கதை ஒன்று, மீன் பிடித்த கதை ஒன்று. அதை நீங்கள் ஆரம்பித்ததும் வீட்டுக்காரி தட்டு அலம்பப் போகிறாளா? மச்சான் ஜன்னல் பக்கம் திரும்புகிறாரா? காரணம் கேட்காதீர்கள்; அன்புள்ளவர்கள் உங்களுக்காக எத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ, யார் கண்டது? ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, முதலில் அந்த விரலைக் கீழே இறக்குங்கள்.