டியூஸ் டீச்சர் மட்டை வாங்கின கதை

குன்னூர் டியூஸ் டீச்சர் டென்னிஸ் மட்டை வாங்கியதைப் போல இந்த உலகத்தில் இன்னொருவர் வாங்கியிருந்தால், அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட நாலு கேள்வியோடு காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். டீச்சர் மட்டையின் பரம்பரையையே விசாரித்தார்.

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சல்வாருக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் மஃப்ளர், காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ. எங்கள் எஸ்டேட் கிளப்பில் இருப்பது ஒரே ஒரு கோர்ட். மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். அங்கே அவரோடு யார் ஆடினாலும் நாற்பதுக்கு நாற்பது என்று வந்து நிற்கும். அதற்குப் பெயர் டியூஸ். அங்கிருந்து அடுத்தடுத்து இரண்டு பாயின்ட் எடுத்தால்தான் கேமிலிருந்து விடுதலை. டீச்சர் லேசில் யாரையும் விடுதலை செய்ததில்லை. எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கான நான்தான் இரட்டையர் ஆட்டத்தில் அவருடைய ஜோடி.

போன வருஷம் மலைக் கிளப்புகளின் இரட்டையர் போட்டியில் நாங்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிர் ஜோடி, ஊட்டி பாங்க் மேனேஜரும் அவர் மனைவியும். ஐந்து வருஷமாகக் கப் அவர்கள் வீட்டு அலமாரியைவிட்டு நகரவில்லை. ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பயிற்சிக்கு நடுவே மட்டையைக் கோட்டோரம் வைத்துவிட்டு டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை நிதானமாகக் கோர்ட்டுக்குள் நடந்து வந்தது. நான் நடுவர் நாற்காலிமேல் ஏறிவிட்டேன். டீச்சர் நகரவில்லை.

“யாரைக் கேட்டு உள்ள வந்தே? வெளிய போ!”

எட்டாம் வகுப்பு பி பிரிவை அடக்கிய குரல் அது. காட்டெருமை திகைத்துப்போய்த் திரும்பியது. திரும்புகிற அவசரத்தில் மட்டையை மிதித்துவிட்டுப் போனது. பதினான்கு வருஷம் உழைத்த மட்டை, அப்பளம்.

அவருக்கு ஏற்கெனவே வலது முழங்கையில் வலி. “மட்டையை மாத்துங்க, இல்லாட்டி ஆட்டத்தை நிறுத்துங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் பாதியைக் காட்டெருமை முடித்துவைத்துவிட்டது.

ஊட்டிக்குப் பஸ் ஏறினோம். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் டீச்சரின் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, அகலமான, பூப்போல லேசான ஒரு மட்டையை எடுத்து நீட்டினார்.

“உங்க வயசுக்கு இதுதானுங்கம்மா. தூக்கறதே தெரியாது.”

“ஏனுங்க, நான் ஈ அடிக்க வரலீங்க. நாப்பது வருஷமா ஆடறேன். மட்டை லேசா இருந்தா பந்தோட அடியெல்லாம் ஆருக்குப் போகும்? எங்கைக்குத்தானுங்களே? மட்டை கனமா இருக்கோணும். அந்தக் கனமும் பிடிப் பக்கம் இருக்கோணும். தலை சின்னதாப் போதும், நான் நடுவுலதான் அடிப்பேன். அப்பறம் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கோணும்.”

“அதெல்லாம் இங்க இல்லீங்களே…”

“வரவழைங்க.”

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து மூன்று மட்டைகள் வந்தன. சிவப்பு, நீலம், கறுப்பு. அவற்றின்மேல் அச்சடித்திருந்த எடையை டீச்சர் நம்பவில்லை. நேராக மார்க்கெட்டுக்குப் போய், காய்கறிக்காரம்மாவின் தராசில் கேரட்டைத் தள்ளிவிட்டு வைத்தார். கறுப்பு முந்நூற்றிருபது கிராம் காட்டியது.

“இதைக் கொழம்பு வெப்பீங்களா, பொரியல் பண்ணுவீங்களா?” என்றார் காய்கறிக்காரம்மா.

“எதிராளியப் பொரியலாக்கறதுக்குங்க” என்றார் டீச்சர்.

கடைக்காரரிடம் கேட்டு மூன்றையும் நாலு நாள் எடுத்துவந்தோம். சோதனை என்னமோ மட்டைக்குத்தான்; அடி வாங்கியது நான். வலைக்கு அந்தப் பக்கம் என்னை நிறுத்தி, ஒவ்வொரு மட்டைக்கும் நூறு பந்து. ஒவ்வொரு நூறு முடிந்ததும் நோட்டில் மார்க் போடுவார். அந்த நோட்டை நான் எட்டிப் பார்த்தேன். ‘சிவப்பு: கெட்டிக்காரன், அவசரக்காரன். நீலம்: ஒழுக்கமானவன், தெம்பில்லை. கறுப்பு: பேச மாட்டான், வேலை செய்வான்.’ கீழே ஓரமாக, ‘பார்ட்னர்: பயப்படுகிறான்’ என்றும் இருந்தது.

கறுப்பு தேறியது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மட்டையோடு வந்த நரம்பு வலையை அவிழ்த்து, அவர் கைக்குத் தக்க இறுக்கத்தில் புது நரம்பு கட்டுவது பாக்கி இருந்தது. அங்கேதான் டீச்சரே டியூஸில் மாட்டிக்கொண்டார்.

நரம்பைத் தளர்வாகக் கட்டினால் முழங்கைக்குச் சுகம். ஆனால் மலையில் காற்று லேசு. கீழே சமவெளியில் கோட்டுக்குள் விழுகிற பந்து இங்கே பறந்து தேயிலைக்குள் போகும். இறுக்கிக் கட்டினால் பந்து சொன்னபடி கேட்கும், முழங்கை கேட்காது. டீச்சர் ஒரு வாரம் தூங்கவில்லை. ஊட்டி பஸ் கண்டக்டரிடம் அபிப்பிராயம் கேட்டார். டீ பேக்டரி ஃபிட்டரிடம் கேட்டார். “பெல்ட்டு லூசா இருந்தா மிசின் ஓடாதுங்க” என்று அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் கடைக்காரர் மட்டையை மெஷினில் பூட்டிவிட்டுக் காத்திருந்தார். டீச்சர் வாயைத் திறந்தார்.

“டைட்டாவே போட்டுருங்க. கப்பு வேணும்.”

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. “வேண்டாமுங்க டீச்சர். கப்பு போனாப் போகுதுங்க. அடுத்த வருஷம் உங்க கை வேணுமுங்க” என்றேன்.

டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். கணக்கில் தப்புப் பண்ணியவனைப் பார்க்கிற பார்வை. அப்புறம் அந்தப் பார்வை கொஞ்சம் இளகியது.

“ஏங்கண்ணு, அடுத்த வருஷமும் எங்கூட ஆடுவியா?”

“ஆடுவனுங்க.”

“அப்ப லூசாப் போடுங்க” என்றார் கடைக்காரரிடம்.

ஃபைனலுக்கு எஸ்டேட்டே திரண்டு வந்தது. முதல் செட்டில் டீச்சர் அடித்த பந்தெல்லாம் பறந்தது. கொழுந்து பறிக்கிற அக்காமார்கள் தேயிலைக்குள் இறங்கித் தேடித் தேடிக் கொடுத்தார்கள். ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். மேனேஜர் அனுதாபத்தோடு சிரித்தார். அவர் செய்த தப்பு அதுதான்.

“ஓங்கி அடிக்கறதை நிறுத்தப்போறேன். இனிமே பந்தைத் தடவித்தான் கொடுக்கோணும்” என்றார் டீச்சர் என் காதில்.

இரண்டாவது செட்டில் ஒரு பந்தைக்கூட அவர் ஓங்கி அடிக்கவில்லை. வலையைத் தாண்டியதும் செத்து விழுகிற பந்து, தலைக்குமேல் வளைந்துபோய்க் கோட்டோரம் உட்கார்கிற பந்து. மேனேஜர் முன்னால் ஓடினார், பின்னால் ஓடினார், கடைசியில் மனைவிமேலேயே மோதினார். செட் எங்களுக்கு! கூட்டம் “டீச்சர்! டீச்சர்!” என்று கத்தியதில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நாய்கள் குரைத்தன.

மூன்றாவது செட்டின் கடைசி கேம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், பதினொரு முறை டியூஸ். ஸ்கோர் சொல்லிச் சொல்லி நடுவருக்குத் தொண்டை கட்டிப்போனது. அப்புறம் ஒரு பாயின்ட் அவர்கள் எடுத்தார்கள்; அடுத்ததில் நான் அடித்த பந்து வலையின் உச்சியில் ஏறி, யோசித்து, எங்கள் பக்கமே விழுந்தது. தோற்றோம்.

தலைகுனிந்து நின்றேன். டீச்சர் ஓடி வந்து என் முதுகில் ஒரு அறை வைத்தார்.

“கண்ணு, மூணு செட்டு ஆடிருக்கேன், இங்க பாரு!”

முழங்கை வலியால் மூன்று மாதமாக இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தவர், தளும்பத் தளும்ப ஒரு கிளாஸை வலது கையில் எடுத்து, தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பின்னால் கைதட்டல் கேட்டது. கப்பை மேனேஜர் வாங்கினாரா, அவர் மனைவி வாங்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.