உங்கள் ஊர் ஓட்டல்களைப் பற்றிச் சில ஆட்சேபணைகள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே தங்கள் உடம்பும் சம்பந்தியம்மாவின் முழங்காலும் அதேபோல் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். போன மாதம் எங்கள் ஊர் ஓட்டல்களில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பல் வைத்தியராக இருந்தவர், வலிக்காமல்தான் பிடுங்குவீர்கள் என்று நினைத்தேன். வலித்தது.

மாப்பிள்ளை சமையலையும் என் மகள் கேக், ரொட்டி வேலையையும் வெளிநாட்டு ஓட்டலில் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள். இனி சொந்தமாக ஓட்டல் தொடங்கப் போகிறார்கள். சந்தோஷம். ஆனால் அதை எந்த ஊரில் தொடங்குவது என்ற கேள்வியை நம் இருவர் தலையில் கட்டியதுதான் அவர்கள் செய்த முதல் தவறு. “அப்பா, மாமா நம்ம ஊர்ல சாப்பிட்டுப் பார்க்கட்டும், நீங்க அவர் ஊர்ல சாப்பிட்டுப் பாருங்க. ரெண்டு பேரும் நியாயமாச் சொல்லுங்க” என்றாள் மகள். நியாயமாக என்ற சொல்லை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னாள் என்பது தங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. தும்முவதற்காகத் தாங்கள் முகத்தைத் திருப்பிய நேரத்தில் பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டு நடுவில் யார் தும்மச் சொன்னது? நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு தாங்கள் விழுங்கும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் இடத்துக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான். எங்கள் ஊர் ரயில் சந்திப்பு. எல்லாருக்கும் ஏதோ ஒரு வண்டி கிளம்பப் போகிறது. வண்டி இல்லாதவனும் அதே வேகத்தில் சாப்பிட்டுப் பழகிவிட்டான்.

இப்போது என் பயணத்துக்கு வருகிறேன். ஆமாம், நான் உங்கள் ஊருக்கு வந்து போய்விட்டேன். முன்கூட்டியே சொல்லியிருந்தால் சம்பந்தியம்மா வீட்டிலேயே சாப்பாடு போட்டு என் தீர்ப்பைக் கெடுத்திருப்பார்கள் என்பதால் சொல்லவில்லை. அதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம், ஊரிலேயே பெரிய பேர் எடுத்தது என்று எல்லாரும் சொன்ன அந்த ஆற்றங்கரை ஓட்டலுக்குப் போனேன். உள்ளே ஒரே இருட்டு. மின்சாரம் போயிருக்கிறது, வரட்டும் என்று வாசலில் நின்றேன். கதவருகே இருந்த பெண், “வாங்க சார், ஏன் வெளியவே நிக்கிறீங்க?” என்றாள். “கரன்ட் வரட்டும்மா” என்றேன். “கரன்ட் இருக்கு சார். இதுதான் வெளிச்சமே” என்றாள். தடவித் தடவிப் போய் உட்கார்ந்தால், என்னென்ன இருக்கிறது என்று எழுதிய அட்டையும் கறுப்பு, அதில் எழுத்தும் ஏறக்குறையக் கறுப்பு. செல்போன் டார்ச்சைப் போட்டேன். அது அட்டையில் விழாமல் பக்கத்து மேசைப் பையன் முகத்தில் விழுந்துவிட்டது. அவன் எதிரில் இருந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முக்கியமான ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்திருந்தான் போலிருக்கிறது. வெளிச்சம் பட்டதும் திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டது. “என்னமோ சொல்ல வந்தியே?” என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன், “ஒண்ணுமில்ல, சூப் நல்லாருக்கு” என்றான். ஒரு குடும்பம் உருவாவதை நான் தள்ளிப்போட்டுவிட்டேன் சம்பந்தி. அதற்கு உங்கள் ஊர் வெளிச்சம்தான் பொறுப்பு.

எனக்கு அந்த நல்ல சூப் வரவே இல்லை. நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது வண்டி தாமதம் என்றால் அறிவிப்பாவது கொடுப்போம், வருத்தம் தெரிவிப்போம். இங்கே சூப் எங்கே நிற்கிறது, எப்போது புறப்படும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பரிமாறுகிறவர் வந்து, கைகட்டி நின்று, நான் கேட்ட மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, என்ன தின்றது, எப்படிப்பட்டவர் பிடித்தார், பிடித்தபோது அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது, எல்லாம். உங்கள் பிள்ளையின் பூர்வீகத்தைக்கூட நான் அவ்வளவு விசாரிக்கவில்லை. இவ்வளவு முன்னுரைக்குப் பிறகு வந்தது என்ன? மேசையை அடைத்துக்கொண்டு ஒரு தட்டு, அதன் ஓரத்தில், பிளாட்பாரக் கடைசியில் வண்டியைத் தவறவிட்டு நிற்கும் பயணிபோல ஒரு துண்டு மீன். “மீதி பின்னால வருதா தம்பி?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் கடையில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மதியம் இனி இருட்டே வேண்டாம் என்று, கடைத்தெரு முனையில் நல்ல வெயில் விழும் ஓட்டல் ஒன்றைப் பார்த்து நுழைந்தேன். வாசலில் இருந்தவர் ஏதோ கேட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு யார் எது கேட்டாலும் தலையாட்டிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆட்டினேன். அவர் என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய், ஒரு பெரிய குடும்பமே உட்கார்ந்திருந்த நீள மேசையின் தலைப்பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலிக்கு எதிரே நிறுத்தினார். “பெரியப்பா!” என்று ஒரு அம்மாள் எழுந்து ஓடிவந்தாள். வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட பெரியப்பா, இவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது போனவர், அன்றைக்கு வருவதாக இருந்திருக்கிறது. “அம்மா, நான் வந்து...” என்று ஆரம்பித்தேன். “வந்துட்டீங்கல்ல, அது போதும்” என்று தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள். “இல்லம்மா, நான் யாருன்னா...” “உங்களை எங்களுக்குத் தெரியாதா? போட்டோவுல இருந்த அதே மூக்கு!” என்றாள். இத்தனை வருஷமாக இது என் மூக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்குள் கோழி வந்துவிட்டது சம்பந்தி. பசித்தவனிடம் நியாயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். அண்ணன் தம்பி இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணனுக்கு உப்பு வேண்டும், உப்பு தம்பியின் முன்னால் இருக்கிறது. அண்ணன் தன் மனைவியிடம் சொல்ல, அவள், என்னை உட்கார வைத்த அவர்கள் அக்காவிடம் சொல்ல, அக்கா தம்பி மனைவியிடம் சொல்ல, உப்பு எடுத்து அதே வழியில் சுற்றிக்கொண்டு வருகிறது. அதற்குள் கோழி ஆறிவிட்டது. அடுத்து மிளகுத்தூள், அதுவும் இதே சுற்று. எனக்குப் பொறுக்கவில்லை. பழைய தொண்டை, மைக் இல்லாமல் நாலு பிளாட்பாரத்துக்குக் கேட்கும், என்னை அறியாமல் கிளம்பிவிட்டது. “ஏம்ப்பா, கைக்கு எட்டுற உப்பு எதுக்கு ஊரைச் சுத்திட்டு வருது? நேராக் குடு!” தம்பி பதறிப்போய் உப்பை நேராக அண்ணன் கையில் வைத்தான். அண்ணன் வாங்கிக்கொண்டு, “நீ... இளைச்சிட்டியேடா” என்றான். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா போனதிலிருந்து இருவரும் பேசவில்லையாம், பெரியப்பா வந்தால்தான் தீரும் என்றுதான் அந்த விருந்தே வைத்தார்களாம். எனக்கு என்ன தெரியும்? நான் உப்பைப் பற்றித்தான் பேசினேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து நிஜப் பெரியப்பா வாசலில் வந்து நின்றார். மூக்கு கொஞ்சம்கூட என்னுடையதுபோல் இல்லை. நான் எழுந்து, “மன்னிக்கணும். நான் இவங்களுக்கு யாரும் இல்லை. சாப்பிட வந்தவன்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், “எனக்கு ஏதாவது மிச்சம் இருக்கா?” என்றார். அக்கா அழுகையும் சிரிப்புமாக, “யாராயிருந்தா என்ன, ரெண்டு பேரும் உக்காருங்க” என்று சொல்லி என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு நாற்காலி வந்தது. இன்னொரு கோழி வந்தது. பிறகு காப்பி, அதற்குப் பிறகு பேச்சு, பேசிக் களைத்து மறுபடியும் காப்பி. நான் எவ்வளவோ தடவை தலையைத் திருப்பினேன், ஒருவரும் என் தட்டை எடுக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் நிற்கவில்லை. விளைவு? என் வண்டி போய்விட்டது. உத்தியோக காலம் முழுக்க வண்டிகளுக்கே நேரம் சொன்ன மனிதன், உங்கள் ஊர் ஓட்டலில் உட்கார்ந்து வண்டியைத் தவறவிட்டேன்.

இப்படி ஒரு பக்கம் இருட்டில் பட்டினி போட்டும், இன்னொரு பக்கம் வெளிச்சத்தில் எழுந்திருக்க விடாமலும் மனிதனை வதைக்கும் ஊரில் நம் பிள்ளைகள் ஓட்டல் தொடங்கக் கூடாது. எங்கள் ஊரில்தான் தொடங்க வேண்டும். உட்கார்ந்தோம், தின்றோம், எழுந்தோம் என்று இருக்கும். இதுவே என் தீர்ப்பு, இதில் மாற்றமில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதையும், தங்களுக்கு வேறு வழியில்லாததால் என் அன்பும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளது உங்களுக்காக எழுதியது அல்ல. தினமும் ஸ்டேஷன் டீக்கடையில் என்னோடு நிற்கும் பழைய ரயில் கார்டும் டிக்கெட் கிளார்க்கும், “சம்பந்திக்கு என்ன எழுதினே? படி, கேப்போம்” என்று பிடித்துக்கொண்டார்கள். ஊர் மானம் இருக்கிறதே. படித்தேன், கைதட்டினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். இந்தப் பகுதியை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

மகளிடம், என் வண்டி போன அன்றைக்கே போனில் உங்கள் ஊரைத்தான் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. “அப்பா, நீங்க வண்டியைத் தவறவிட்டீங்களா? நீங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரித்தாள். அப்புறம், “அம்மா போனப்புறம் நீங்க யாரோடயாவது உக்காந்து சாப்பிட்டேன்னு சொல்லி இப்பத்தான்ப்பா கேக்கறேன்” என்றாள். சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, “கோழி நல்லாருந்ததும்மா” என்பதுதான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். சம்பந்தியம்மா உங்கள் தெருவிலேயே ஒரு அறை பார்த்து வைத்தால் உதவியாக இருக்கும். முடிந்தால் நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். இந்தத் தடவை பெட்டி கொஞ்சம் கனம்.