வேட்டி கட்டிய நாயகி

படிக்காத புத்தகத்துக்கு மதிப்புரை எழுதியவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை எழுத்தாளருக்கு எதிரிலேயே மைக் பிடித்து வாசித்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

அப்போது திருவண்ணாமலையில் பதினோராம் வகுப்பு. தமிழாசிரியர் கதிர்வேல் ஐயா நூலகத்திலிருந்து ஆளுக்கொரு நாவலைக் கொடுத்து, பத்து நாளில் படித்து நான்கு பக்கம் மதிப்புரை எழுதிவரச் சொன்னார். எனக்கு வந்தது 'பதினான்கு கிலோமீட்டர்'. அட்டையில் ஒரு வெறுங்கால், அதன் கீழே மண்பாதை. பின்னட்டையில் கதைச்சுருக்கம் இருந்திருக்க வேண்டும். அதன்மேல் தேதிச் சீட்டை ஒட்டி வைத்திருந்தார்கள்.

வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் உள்ளே என்ன கதை என்று பிரித்துப் பார்த்திருக்கும். எங்கள் ஊரில் பதினான்கு கிலோமீட்டர் என்றால் அது தூரம் இல்லை, கிரிவலம். மலையைச் சுற்றிவரும் பாதையின் நீளம் அவ்வளவுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். எங்கள் வீடே அந்தப் பாதையில், அடி அண்ணாமலையில்தான் இருந்தது. வாசலில் அம்மாவின் டீக்கடை. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதை எதற்கு இருநூறு பக்கம் படிக்க வேண்டும்? (அந்த வாரம் பௌர்ணமி வேறு, கடையில் டம்ளர் கழுவ ஆளில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. காரணம் சோம்பேறித்தனம்தான்.)

ஒரே மாலையில் எழுதி முடித்தேன். கதாநாயகனின் பெயர் தெரியாததால் 'நாயகர்' என்றே குறிப்பிட்டேன். அவர் ராஜகோபுரத்தின் முன் தேங்காய் உடைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எட்டு லிங்கங்களையும் வணங்கி, வழியில் அடி அண்ணாமலையில் ஒரு கடையில் அருமையான இஞ்சி டீ குடித்து (கடை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை), மனத்தெளிவோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

'நேரில் பார்த்ததுபோல் உள்ளது' என்று ஐயா சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அவரும் உள்ளூர்க்காரர். அவரும் அந்த நாவலைப் படித்ததில்லை. தலைப்பைப் பார்த்து நான் நினைத்ததையே நினைத்திருக்கிறார். அத்தோடு விட்டிருக்கலாம். ஊரில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு அந்த எழுத்தாளர் அம்மாவே வருகிறார் என்று கேள்விப்பட்டதும், என் மாணவி மதிப்புரை வாசிப்பாள் என்று போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். அவர் ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. தன் மாணவி ஒருத்தியாவது இலக்கிய மேடை ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று வகுப்பிலேயே சொன்னார். அப்போதாவது நான் புத்தகத்தைத் திறந்திருக்கலாம். சுடிதாருக்குப் பொருத்தமான வளையல் தேடவே நேரம் சரியாக இருந்தது.

அன்று அம்மா கடையை மூடிவிட்டு, பட்டுப்புடவை கட்டி, சித்தியையும் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் எழுத்தாளர், அவருக்கு அந்தப் பக்கம் தலைமை ஆசிரியை, இந்தப் பக்கம் ஐயாவும் நானும். முதலில் எழுத்தாளர் பேசினார். கதை நடப்பது ராமநாதபுரத்துப் பக்கம். பஸ் வராத கிராமத்தில் ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் தன் நாவல் என்றார்.

"முடிவ நான் சொல்லப்போறதில்ல. படிச்ச பிள்ள இங்க உக்காந்திருக்கு. அது சொல்லட்டும்" என்று முடித்தார்.

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "எப்டியாவது சமாளிச்சுடும்மா" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. நான் அசிங்கப்படுவது இருக்கட்டும். அவ்வளவு பேர் முன்னால் இந்த மனிதரைத் தலைகுனிய வைக்கப்போகிறேனே என்றிருந்தது.

எழுந்து போய் வாசித்தேன். 'நாயகர்' என்பதை நாக்கிலேயே 'நாயகி' என்று மாற்றினேன். நல்லவேளையாக, தமிழில் மரியாதைக்கு ஆண் பெண் பேதம் கிடையாது, 'நடந்தார்' தப்பித்தது. வேட்டி தப்பிக்கவில்லை. "இந்நாவலின் நாயகி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு" என்று வாசித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. முன்வரிசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது.

அக்னி லிங்கத்தருகே நாயகியின் இடுப்பில் குழந்தையை ஏற்றினேன். (அதுவரை அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.) ஒவ்வொரு லிங்கத்தின் பெயருக்கும் சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டீக்கடையில் குழந்தைக்குச் சூடாகப் பால் வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சல்காரக் குழந்தைக்கு டீ ஆகாது. அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். கடைசியில், ராஜகோபுரத்துக்குப் பக்கத்திலேயே அவசரமாக ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டி நாயகியை உள்ளே அனுப்பிவிட்டு உட்காரப் போனேன்.

எழுத்தாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "பிள்ள பொழச்சுச்சாம்மா?"

"பொழச்சிடுச்சிங்க" என்றேன்.

அவர் தன் நாவலைக் கையில் எடுத்தார். "நான் எழுதுனதுல பொழைக்கல. பதினோராவது கிலோமீட்டர்லயே போயிருது. ஒன்னோடதே இருக்கட்டும்" என்றார். பிறகு அதன் முதல் பக்கத்தில் 'பிள்ளையைக் காப்பாற்றிய தேன்மொழிக்கு' என்று எழுதி என்னிடம் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. ஐயா மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா என்னைத் தேற்றினாள். "நல்லாத்தான படிச்ச. எட்டு லிங்கத்தையும் வரிசை மாறாம சொன்ன. அந்தம்மாதான் ஊரத் தெரியாம எழுதிட்டாங்க."

மறுநாள் ஐயா அந்தப் புத்தகத்தை என்னிடம் இரவல் கேட்டார். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். நாவலில் கிலோமீட்டருக்கு ஓர் அத்தியாயம். பத்தாவது அத்தியாயம் முடியும் இடத்தில் அவர் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் அப்படியே இருந்தது.

இப்போதும் நான் தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் பேச ஆரம்பித்தால், வீட்டில் யாராவது ஒருவர் "பிள்ள பொழச்சுச்சா?" என்று கேட்பார்கள். என் மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள். நானும் அந்த நாவலை இதுவரை நான்கு முறை படித்துவிட்டேன், பஸ் டிக்கெட் வரைக்கும். அதனால் என் பதில் மாறவில்லை. பொழச்சிடுச்சி.