ஒலிம்பியாவில் பாதியில் நின்ற வுழூ

பள்ளிவாசல் ஹவுழின் ஓரத்தில் குந்தி, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுத்து வளர்ந்தவனுக்கு, உலகத்தில் எந்தத் தண்ணீர்த் தொட்டியைக் கண்டாலும் காலை நீட்டத்தான் தோன்றும். எனக்கு அது கிரேக்க நாட்டில், கயிறு கட்டிப் பாதுகாத்த புராதனச் சின்னம் ஒன்றின் மேல் தோன்றியது.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம். கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிணறுகளில் சுனாமி உப்பைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. புது வீட்டுத்திட்டத்தில் வீடு இருந்தது. தண்ணீர் மட்டும் பவுசர் லொறியில் வந்தது. (அதுவும் சாரதிக்கு மனசு வந்தால்.) எங்களுக்கும் தெற்கே உள்ள தமிழ் ஊரான தம்பிலுவில்லுக்கும் தண்ணீர்த் தாங்கி கட்டித்தரலாமா என்று யோசித்த ஒரு கிரேக்க உதவிச் சங்கம், நேரில் வந்து கதைக்கச் சொன்னது. இங்கிலீஷ் வாத்தியார் என்ற ஒரே தகுதியில் ஊர் என்னை அனுப்பியது. தம்பிலுவில்லிலிருந்து மீனவர் சங்கத் தலைவர் கணபதி அண்ணன் வந்தார். புறப்படும்போது என் மனைவி சொன்னது ஒன்றுதான்: "தண்ணியோட வாங்க. இல்லாட்டி அங்கயே இரிங்க." (சிரிக்காமல் சொன்னாள்.)

முடிவு சொல்லும் நாளுக்கு முதல் நாள், அந்தச் சங்கத்தின் தலைவி மரியா எங்களை ஒலிம்பியாவுக்குக் கூட்டிப்போனார். எங்கு பார்த்தாலும் பழைய கோயில்களின் இடிபாடு. சாமி இருந்த இடம் என்று கணபதி அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கொதிக்கிற கல்லில் அவர் துள்ளித் துள்ளி நடந்ததைப் பார்த்து நான் சிரித்தேன்.

அரைவட்டமாக வளைந்த செங்கற் சுவரும், அதன் கீழே வறண்ட தொட்டியும் உள்ள இடத்தில் மரியா நின்றார். அந்தக் காலத்தில் விளையாட்டு விழாவுக்கு வந்த சனம் தண்ணீரில்லாமல் தவித்ததாம். ஒரு பணக்காரர் தூரத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து, மனைவியின் பேரில் இந்த நீரூற்று மண்டபத்தைக் கட்டினாராம். நான் பாதிதான் கேட்டேன். ளுஹர் என்ற மத்தியானத் தொழுகைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. தொட்டியின் விளிம்பு எங்கள் ஹவுழின் உயரமேதான்.

எல்லோரும் நிழலுக்குப் போனதும் கயிற்றைத் தாண்டினேன். கல்லில் குந்தி, காற்சட்டையைச் சுருட்டி, போத்தல் தண்ணீரில் கை கழுவி, வாய் நிறையத் தண்ணீர் எடுத்தேன். விசில் சத்தம் கேட்டது.

வருஷக்கணக்காக ஆமி செக் பொயின்டில் சோதனைக்கு நின்ற உடம்புக்கு யோசனை தேவையில்லை. இரண்டு கையும் தானாக மேலே போயின. ஓடிவந்த காவலாளி ஏதோ கத்திக் கேட்டார். கன்னம் இரண்டும் உப்ப நான் முழித்தேன். அந்தக் கல்லில் துப்பினால் சிறை. துப்பாவிட்டால் வாயைத் திறக்க முடியாது. விழுங்கப் பார்த்தேன். புரைக்கேறி, அவ்வளவும் அவருடைய சட்டையில் போனது.

அவர் ரேடியோவை எடுத்தார். என் பாஸ்போர்ட் ஹோட்டலில் இருந்தது. தாங்கி போய்விட்டது என்றே நினைத்தேன். வெறும் வாளியோடு பவுசருக்குக் காத்து நிற்கும் மனைவியின் முகம் வந்தது.

"சேர், யுத்தம் முடிஞ்சி போச்சி. கைய இறக்குங்க," என்று பின்னால் கணபதி அண்ணனின் குரல்.

திரும்பினேன். அவருடைய கைகளும் மேலேதான் இருந்தன, கைக்கொரு செருப்போடு.

மரியா சிரித்துக்கொண்டுதான் ஓடிவந்தார். எங்கள் கைகளைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன செய்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். தொழக் கழுவினேன், எங்கள் பள்ளிவாசலில் இப்படித்தான் ஓரத்தில் இருந்து கழுவுவோம் என்றேன். உங்கள் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். விமானத்தில் பாடமாக்கிவந்த பேச்சு முழுவதும் மறந்துபோய், "இதைப் போலத்தான்," என்று வறண்ட தொட்டியைக் காட்டினேன்.

அவர் அதைக் காவலாளிக்குச் சொன்னார். காவலாளி ரேடியோவை இடுப்பில் சொருகிக்கொண்டு, என்னை வாசலில் இருந்த குழாயடிக்குக் கூட்டிப்போனார். நான் கால் கழுவி முடியும்வரை ஈரச் சட்டையோடு காவல் நின்றார்.

மறுநாள் மரியா சரி என்றார். திரும்பி வந்தால் அந்தக் கல்லில் குந்தக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. இரண்டு ஊருக்கும் தாங்கி வந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்கட ஊருக்குத் தண்ணி வந்தது இவர்ர வாயால," என்று மனைவி தொடங்கிவிடுவாள். நான் குழாயடியில் வுழூ எடுக்கக் குந்தினால் மகள் குசினி அடுப்படியிலிருந்து விசில் அடிப்பாள். இன்னும் கை மேலே போகிறது. வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கையை இறக்கின பிறகு.