நட்சத்திரக் கோட்டைக்குள் போன கேன்

தாமிரபரணித் தண்ணீரில் வேகாத சோற்றை டூர் அண்ணாச்சி சோறாகவே ஒப்புக்கொண்டதில்லை. வண்ணார்பேட்டையிலிருந்து எந்த ஊருக்கு ஆள் கூட்டிப்போனாலும், சமையல்காரருக்கு முன்னால் ரயிலில் ஏறுவது தண்ணீர் கேன்கள்தான். கங்கைக் கரையிலேயே நின்றுகொண்டு, "பாக்க நல்லாருக்குவே. ரசத்துக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னவர்.

போன வருடம் வடக்கே ஒரு நட்சத்திரக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். பழைய கோட்டைதான், ஆனால் ராணுவம் இன்னமும் காலி செய்யவில்லை. நான் அதைப் பற்றி இரண்டு புத்தகம் படித்துவிட்டு, கேட்காதவர்களுக்கும் விளக்கிக்கொண்டே வந்தேன். பார்வையாளர்களை விட்ட துளியூண்டு இடத்தில் நின்றால் எங்கு திரும்பினாலும் சுவர்.

"நட்சத்திரம் எங்கவே?" என்றார் அண்ணாச்சி.

கோட்டையே நட்சத்திர வடிவம், மேலே பறந்தால்தான் தெரியும் என்றேன்.

"அப்போ பருந்துக்குல்லா டிக்கெட் எடுத்திருக்கணும்."

மேலப்பாளையம் பாத்திமா அக்கா சுவரைக்கூடப் பார்க்கவில்லை. அவர் மகன் அந்தக் கோட்டையில்தான் சிப்பாய். ரொம்ப நாளாக லீவு கிடைக்கவில்லை. மகன் முகத்தைக் காட்டுகிறேன் என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தார். ராணுவத்தைக் கேட்காமல் கொடுத்த வாக்கு.

பையன் டியூட்டியில் இருக்கிறான், வர முடியாது என்று வாசல் காவலர் இந்தியில் சொல்லிவிட்டார். அண்ணாச்சி தமிழில் கெஞ்சினார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில் மொழிபெயர்த்தேன். அதற்குப் பிறகு காவலர் துப்பாக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அக்கா அழவில்லை. "போட்டும் அண்ணாச்சி. இந்தச் செவுத்துக்கு அங்கிட்டுதான இருக்கான்" என்றார். அதுதான் தாங்கவில்லை.

அண்ணாச்சி வேனுக்குப் போய்க் கடைசிக் கேனைத் தூக்கிவந்தார். ரசத்துக்கு வேண்டும் என்று, எங்களைப் பல் துலக்கக்கூட விடாமல் காத்த கேன்.

"பிள்ளைட்ட இதையாவது சேக்கச் சொல்லும்வே. ஊர்த் தண்ணி."

சந்தேகப்பட்ட காவலர், குடித்துக் காட்டச் சொன்னார். அந்தப் பொறுப்பை அண்ணாச்சி எனக்கு அளித்தார். நாள்கணக்கில் வெயிலில் வெந்த தண்ணீர். நாட்டுக்காக நான் செய்த ஒரே தியாகம்.

சாயங்காலம் கேன் மட்டும் திரும்பி வந்தது. பையன் வரவில்லை. அக்கா மூடியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தார்.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கல" என்றார். அப்போதுதான் அழுதார். சிறிது நேரம் கழித்து அந்தக் காலிக் கேனை மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குக் குழாய்த் தண்ணீரில்தான் ரசம். அண்ணாச்சி இரண்டாம் தடவையும் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

இந்த மனிதரோடு இனி எங்கும் போவதில்லை என்று ஒவ்வொரு டூர் முடிவிலும் சபதம் செய்கிறவன் நான். அடுத்த டூருக்கு முதல் கேனை ஆற்றில் இறங்கி நிரப்பியதும் நான்தான்.