கொட்டாவி நேரம் தெரிந்த கதிரையர்

உலகத்தில் உள்ள அத்தனை தொழிலுக்கும் கொட்டாவி எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்த ஒரே மனிதர் எங்கள் கதிரையர்தான். தபால் கந்தோருக்குப் பதினொன்றேகால். பேக்கரிக்கு இரண்டாவது தரம் போறணை அடுப்பிலிருந்து பாண் இறக்கின கையோடு. பள்ளிக்கூடத்தில் வாத்திமாருக்கு நாலாம் பாடத்தில், பிள்ளைகளுக்கு முதலாம் பாடத்திலேயே. ஒருமுறை பங்குச் சுவாமியிடம் போய், உங்களுக்கு எந்த நேரம் அலுக்கும் என்று கேட்டிருக்கிறார். சுவாமி நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவசங்கீர்த்தனம் கேக்கத் தொடங்கி ரெண்டாவது மணித்தியாலம். எல்லாரும் ஒரே பாவத்தைத்தான் செய்யினம்" என்றாராம்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் எவருக்கும் தெரியாது. சைக்கிள் கரியரில் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிவார்; நாற்காலியை நாங்கள் கதிரை என்போம், அதனால் கதிரையர். ஒரு வேலையில் சேர விருப்பம் வந்தால் விண்ணப்பம் எழுத மாட்டார், சிபாரிசுக்கு ஆள் பிடிக்க மாட்டார். கதிரையை அவிழ்த்து அந்த இடத்தில் ஓர் ஓரமாகப் போட்டு, ஒரு நாள் முழுக்க இருந்து பார்ப்பார். சம்பளத்தைக் கடைசியில்தான் கேட்பார். முதல் கேள்வி கொட்டாவி. இரண்டாவது, எதைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை என்பது.

இந்தப் பழக்கத்தால் வந்த வில்லங்கங்கள் கொஞ்சமல்ல. சலூன் ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில், முறைக்குக் காத்திருக்கும் ஆள் என்று நினைத்துக் காலையில் ஒருவர் சவரம் செய்துவிட்டார். பின்னேரம் வேலைக்கு வந்த மற்றவரும் அப்படியே நினைத்து இன்னொரு தரம் செய்துவிட்டார். அரசாங்கக் கந்தோர் ஒன்றின் வாசலில் கதிரையைப் போட்டபோது, சனம் அவரை உத்தியோகத்தர் என்று எண்ணி வரிசையில் நின்றுவிட்டது. கதிரையர் எழும்பவில்லை. ஒவ்வொருவரிடமும் என்ன விஷயம் என்று விசாரித்து, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பத்து மணிக்கெல்லாம் வரிசை கரைந்துவிட்டது. உள்ளேயிருந்து பெரியவர் வெளியே வந்து, நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டாராம். அன்றைக்குக் கதிரையருக்கு ஏற்பட்ட ஒரே நட்டம், கதிரைக்குக் கீழே வைத்திருந்த சோற்றுப் பார்சலை மான் தின்றதுதான். தெருவில் மாடுபோலத் திரியும் எங்கள் ஊர் மான்களுக்குக் கந்தோர்ச் சாப்பாட்டு நேரம் தெரியும்.

நான் அவரைச் சந்தித்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது, அறுபதாவது வேலை. எனக்கு நாற்பத்திரண்டு வயது, முதலாவது வேலை.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வேறு எந்தக் கதவும் எனக்குத் திறக்காது என்ற பயத்தில் பதினெட்டு வயதில் ஓர் ஐஸ் பெக்டரிக்குள் நுழைந்து, அதே பயத்தில் இருபத்திநாலு வருடம் வெளியே வராமல் இருந்தவன். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி செய்து கொடுக்கும் இடம் அது. தகர அச்சுகளில் தண்ணீரை நிரப்பி, உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, பலகை மூடியால் மூடிவிட்டால் அடுத்த நாள் கட்டியாக எடுக்கலாம். பகல் வேலைமுறைக்கு ஒரு தொட்டி, இரவு வேலைமுறைக்கு ஒன்று. இடையில் மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை என்னால் செய்ய முடியவில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது, இயந்திரம் நின்றால் என்ன செய்வது, எல்லாம் சரியாக இருந்தும் ஐஸ் உறையாமல் விட்டால் என்ன செய்வது. வீட்டுக்கு வந்தாலும் பிரிட்ஜின் சத்தத்தைக் காதால் காவல் காப்பேன். சத்தம் கொஞ்சம் மாறினால் எழும்பிப் போய்த் திறந்து பார்ப்பேன். என் மனுசி றஞ்சி, "அதுக்குள்ள நேத்தைய மீன் குழம்புதான் கிடக்கு. அது எங்கயும் எழும்பிப் போகாது" என்பாள். அந்த வருடம் இது இன்னும் மோசமாகியது. காலையில் பெக்டரி கேற்றடிக்கு வந்தால் கால் உள்ளே போக மறுக்கும். றோட்டோரம் நின்று நூறு எண்ணிவிட்டுப் போவேன். பிறகு அது இருநூறாகியது.

அந்த நேரம் பார்த்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். பகல், இரவு இரண்டு முறைக்கும் என்னை மனேச்சராகப் போடப்போவதாகச் சொன்னார். என்னைப் போல் பொறுப்பான ஆள் தன் கண்ணில் படவில்லை என்றார். அடுத்த மாத முடிவுக்குள் பதில் வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அடுத்த நாள் கேற்றடியில் நான் ஐந்நூறு வரை எண்ணினேன்.

அதே வாரத்தில்தான் கதிரையர் வந்து சேர்ந்தார். வழக்கம்போல முதல் நாள் இருந்து பார்த்தார், எல்லாரிடமும் கொட்டாவி விசாரித்தார். மற்ற முறைக்குப் பொறுப்பாயிருந்த செல்லையா அண்ணை, கேள்வி முடிய முன்னமே ஒன்று விட்டுக் காட்டினார். அந்த மனிதர் நின்றுகொண்டே நித்திரை கொள்ளக்கூடியவர். என் முறை வந்தது. எனக்குக் கொட்டாவியே வருவதில்லை என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். கதிரையரின் முகம் மாறிவிட்டது.

"அது நல்லதில்லை, அண்ணை" என்றார்.

பத்து நாள் கழித்துச் சல்லிக் கிராமத்திலிருந்து வந்த படகுக்காரர் ஒருவர், என் முறையில் எடுத்த கட்டி ஒன்றைக் கோடரியால் பிளந்தார். உள்ளே நடுவில் உறையாத தண்ணீர். அவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"இது ஐஸோ, இளநியோ? நான் மீனுக்குப் போடவோ, குடிச்சிட்டுப் போகவோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு குடாவுக்கு அக்கரையில் உள்ள கட்டைபறிச்சானுக்குக் கேட்டிருக்கும். நான் இயந்திரத்தைக் குறை சொன்னேன், தண்ணீரைக் குறை சொன்னேன், வெயிலையும் விடவில்லை. கதிரையர் என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தூணடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதில் பள்ளிக்கூட வெண்கட்டியால் இழுத்த கோடுகள் இரண்டு கூட்டமாக இருந்தன. ஒரு கூட்டத்தில் கோடு நெருங்கித் தூணே வெள்ளையாகத் தெரிந்தது. மற்றதில் மூன்றே மூன்று.

"ரெண்டு முறையும் நிண்டு எண்ணினனான். இது நேத்து நீங்கள் மூடியைத் திறந்து பாத்தது. நாப்பத்தொரு தரம். இது செல்லையா அண்ணை. மூண்டு. ஒவ்வொருக்காத் திறக்கேக்கயும் வெக்கை உள்ளுக்குப் போகுது, அண்ணை. நித்திரை கொள்ளுற மனுசன்ர ஐஸ் கல்லு மாதிரி. முழிச்சிருக்கிற உங்கட ஐஸ் இளநி."

நான் அப்படியே அவருடைய கதிரையில் இருந்துவிட்டேன். இருபத்திநாலு வருடமாக ஐஸை எதனிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேனோ, அது நான்தான். முதலில் அழுகை வந்தது. அது பாதி வழியில் சிரிப்பாகிவிட்டது. கதிரையரும் சிரித்தார். எழுப்பிக் கேட்டிருந்தால் செல்லையா அண்ணையும் சிரித்திருப்பார்.

இனி நான் என்ன செய்ய, பயப்படாமல் இருக்க எனக்கு ஏலாதே என்று கேட்டேன்.

"பயத்தை விடச் சொல்லி ஆர் சொன்னது? அது உங்களை விடாது. அது பிரயோசனப்படுற இடம் ஒண்டைத் தேடுவம்."

வேலையை விடுகிற கதையை இப்போது எடுக்கவே வேண்டாம் என்றார். லீவு நாட்களில் போய் இருந்து பார்த்தால் போதும். இடத்தைப் பார்ப்பதோடு என்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: எப்போது மூச்சு முட்டுகிறது, எப்போது மூச்சு விடுவதே மறந்து போகிறது. இப்படியாக, எங்கள் வீட்டுக் குசினியில் கிடந்த கதிரையை என் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன். றோட்டில் போனவர்கள் எந்த வீட்டில் கலியாணம் என்று கேட்டார்கள்.

முதலில் ஒரு ஹார்ட்வெயர் கடை. மேல் தட்டில் அடுக்கியிருந்த பெயின்ற் வாளிகள் யார் தலையில் விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் என் கழுத்து பிடித்துவிட்டது. என் தோள் இரண்டும் காதைத் தொடுவதாகக் கதிரையர் சொன்னார். அடுத்தது போன் திருத்தும் கடை. அந்தச் சிறிய ஆணிகளில் ஒன்று தொலைந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பிலேயே எனக்கு வியர்த்து ஊற்றியது. பத்து நிமிடத்தில் கதிரையை நானே கட்டிவிட்டேன்.

மூன்றாவது, கடற்கரை. கொழும்புச் சனத்தையும் வெளிநாட்டுக்காரரையும் திமிங்கிலம் பார்க்க ஏற்றிப்போகும் படகுகள் புறப்படும் இடம். அங்கே இரண்டு படகு வைத்திருந்தவர் பிலோமினா அக்கா. கதிரையர் அவரிடம் கொட்டாவி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் என் கதிரையில் இருந்தது ஐந்து நிமிடம்கூட இல்லை.

ஒரு பிள்ளையின் உயிர்காப்பு அங்கியில் வார் தளர்ந்திருந்தது. எழும்பிப் போய் இறுக்கினேன். எண்ணெய்க் கானின் மூடி சரியாகப் பூட்டப்படவில்லை. பூட்டினேன். ஒரு வெள்ளைக்காரர் படகின் விளிம்பில் ஏறி இருந்தார்; சைகை காட்டி இறக்கினேன். மேலதிக எஞ்சின் ஏற்றாமல் ஒரு படகு போகப் பார்த்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றேன். மேகத்தைப் பார்த்தேன், அலையைப் பார்த்தேன், ஆட்களை எண்ணினேன், திரும்பவும் எண்ணினேன். என்னை யாரும் கேட்கவில்லை.

பிலோமினா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஆர் இந்த மனுசன்? என்ர போட்டுக்கு என்னை விட அவர் பயப்பிடுறார்."

"அதுதான் அக்கா அவற்ற தொழில்" என்றார் கதிரையர். "இவ்வளவு நாளும் ஐஸில வீணாப் போச்சு."

மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். கடைசிப் படகு திரும்பி வந்து எண்ணிக்கை சரியாக இருந்தபோது, என் வாய் தானாகத் திறந்து, தாடை கழன்று விழுவதுபோல ஒரு கொட்டாவி வந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று சொல்லத் தெரியாது. கதிரையர் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

கரையில் நிற்க ஓர் ஆள் தேவைதான் என்றார் பிலோமினா அக்கா. சம்பளம் ஐஸ் பெக்டரியை விடக் குறைவு. வாடைக்காற்றுக் காலத்தில் படகு ஓடாது, பழுது பார்க்கும் வேலைதான் இருக்கும். இதையெல்லாம் றஞ்சியிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், முடிந்ததும் சொன்னாள்: "பிரிட்ஜைத் திறந்து பாக்காமல் விடுவீங்களெண்டா எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

கெடு நாளில், வேலையை விடப்போவதாகச் சொல்ல முதலாளியைத் தூணடிக்குக் கூட்டிப் போனேன். அவர் கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இருவத்தினாலு வருசமா என்னடாப்பா செய்துகொண்டிருந்தனி?"

"திறந்து பாத்துக்கொண்டிருந்தனான், ஐயா."

அவர் கோபிக்கவில்லை. செல்லையா அண்ணையை மனேச்சராக்கினார். அந்த ஐஸை இன்றைக்கும் கோடரியால் பிளக்க இரண்டு பேர் வேண்டும்.

எனக்கு முன்னமே கதிரையர் அங்கிருந்து கழன்றுவிட்டார். வேலை நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டேன். தனக்கு மூன்று மாதம் போனால் ஆட்களில் எரிச்சல் வந்துவிடும் என்றார். வேலையில் பிழையில்லை, தன் சுபாவம். எரிச்சல் வர முன்னம் போய்விட்டால் எல்லாரும் நல்லவர்களாகவே மனதில் நிற்பார்கள் என்றார். அப்படிப் பார்த்தால் அவர் மனதில் இந்தத் துறைமுகத்தில் பாதிப் பேர் நல்லவர்களாக நிற்கிறார்கள். அவருடைய மனுசி தையல் மெசினோடு ஒரே இடத்தில் இருபது வருடமாக இருப்பதால்தான் இது நடக்கிறது என்பதையும் அவர் மறைப்பதில்லை.

போன சீசனில் மனுசியையும் கூட்டிக்கொண்டு திமிங்கிலம் பார்க்க வந்தார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு நீந்தத் தெரியாது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர். எத்தனையோ தொழிலைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், இதை யாரிடமும் கேட்கவில்லை. அங்கியைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு பிள்ளைபோல என் முன்னால் நின்றார்.

எல்லாருடைய வாரையும் நான் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். அன்றைக்குக் கடல் குளம்போலக் கிடந்தது. ஆனாலும் அவருடைய வாரை மூன்று தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் படகை விட்டேன்.